14 ஆயிரம் கேட்ட லேப்டாப்

19-ஆம் தேதி ராத்திரி பத்தே முக்கால். மறுநாள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள், இன்னும் நாலு பார்ட்டிக் கணக்கு பாக்கி. டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பர்ச்சேஸ் பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு மட்டும் ஆறு தடவை.

மே மாதம் என்பதால் சூடுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பின்மூடியைக் கழற்றினால் ஃபேனுக்கும், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. பிரஷ்ஷால் எடுத்துவிட்டு தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகத் தடவினேன். 96 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பிராசஸர் 80-க்குள் அடங்கியது. கிராஷ் அடங்கவில்லை, சும்மா ஒரு எக்ஸெல் ஷீட் திறந்திருந்தாலும் வந்தது.

சர்வீஸ் கடையில் மூடியைக்கூடத் திறக்காமல் "மதர்போர்டு போயிடுச்சு சார், 14 ஆயிரம் ஆகும்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் வரிசையாக கெர்னல் பவர் 41 என்ற பதிவு. பெயரில் பவர் இருப்பதால் புது சார்ஜர் வாங்கக் கிளம்பியிருப்பேன், நல்லவேளை கொஞ்சம் படித்துப் பார்த்தேன். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுவிட்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஏன் நின்றது என்பதை வேறு எங்காவதுதான் தேட வேண்டும். அப்புறம்தான் போனில் எடுத்து வைத்திருந்த நீலத் திரைப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு எரர் கோட்: ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்றில் ஐஆர்க்யூஎல், மூன்றாவதில் பேஜ் ஃபால்ட். ஏதாவது ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டிருந்தால் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒரே எரர் கோட் வரும். இப்படி நாளுக்கொரு எரர் கோட் வந்தால் முதலில் ரேமை, அதாவது மெமரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என்னிடம் இரண்டு ரேம், லேப்டாப்போடு வந்த 8 ஜிபி ஒன்று, இரண்டு வருஷம் முன்னால் நான் வாங்கிப் போட்ட 8 ஜிபி ஒன்று. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டெஸ்ட் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு பிழை எதுவும் இல்லை என்றது, அதை நம்பி ஒரு வாரம் வீண். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை பென் டிரைவில் ஏற்றி ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மூன்றாவது சுற்றில் சிவப்பாகப் பிழைகள். ஒரு பிழை வந்தாலே தேறாது, எனக்கு ஐம்பதுக்கு மேல்.

ரேமின் ஓரத்தில் தங்க நிறத்தில் இருக்கும் பற்களை ரப்பரால் தேய்க்கும் நம்மூர் வைத்தியத்தையும் செய்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, சரியாகிவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் மறுபடி நீலம்.

சரி, இனி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று உட்கார்ந்தேன். பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஒரு ராத்திரி, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஒரு ராத்திரி. சுத்தம். நான் வாங்கியதை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சிவப்பு. நாலு ராத்திரி போனது, ஆனால் ஸ்லாட்டும் நல்லது போர்டும் நல்லது என்று தெரிந்துவிட்டது. 14 ஆயிரம் மிச்சம்.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். அந்த மூன்று வாரமும் தினம் பேக்கப் எடுத்தேன், அந்தப் பேக்கப்பும் கெட்ட ரேம் வழியாகத்தானே பென் டிரைவுக்குப் போயிருக்கும்? எண் ஒன்று மாறியிருந்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. பார்ட்டி பார்ட்டியாக பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

ரேமுக்கு வாரண்டி இருக்கிறதே என்று பில்லைத் தேடி எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள், தெர்மல் பேப்பர், எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் என் போன் நம்பரைத் தட்டித் தேடி எடுத்துக் கொடுத்தார். மாற்று ரேம் வரப் பதினைந்து நாள் ஆகுமாம். அதுவரை 8 ஜிபிதான், குரோமில் நாலு டேபுக்கு மேல் திறப்பதில்லை.