அரைக்கால் அங்குலம்

மார்ச் 10, 2023. வெள்ளி

டி.ஜே. மூரைக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 11. சனி

இரவு முழுவதும் தூக்கமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் இடத்தை சிகாகோ பேர்ஸிடமிருந்து வாங்குவதற்கு நம் கரோலைனா பாந்தர்ஸ் அணி கொடுத்த விலையைக் காலையில் ஒரு தாளில் எழுதி வைத்தேன்: இவ்வாண்டு டிராஃப்டின் 9ஆம் தேர்வு, 61ஆம் தேர்வு, 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, இவற்றோடு, எறியும் பந்தைப் பிடிக்கும் நம் ரிசீவர் மூர். அந்த 61ஆம் தேர்வு சென்ற அக்டோபரில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியபோது வந்தது என்பது நினைவுக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டேன். இந்த அணியை மூன்று ஆண்டுகளாக நான் பார்ப்பதற்குக் காரணமாக இருந்த இரண்டு பேரும், இன்னும் யாரென்றே முடிவாகாத ஒரு குவாட்டர்பேக்குக்காக, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒருவருக்காக, போய்விட்டார்கள்.

மூர் ஐந்து பருவங்களில் 5,201 யார்டு பிடித்தார். அவருக்குப் பந்தெறிந்தவர்களை எண்ணிப் பார்த்தால்தான் அந்தக் கணக்கின் பெருமை விளங்கும்: காயப்பட்ட நியூட்டன், பிரிட்ஜ்வாட்டர், டார்னால்ட், மேஃபீல்ட், வாக்கர். நல்ல குவாட்டர்பேக் வரும் ஆண்டில் அவர் இங்கே இருக்கமாட்டார்.

மார்ச் 12. ஞாயிறு

பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே டிராஃப்டின் முதல் இடம்; ஜனவரி 8ஆம் தேதி ஹூஸ்டன் தோற்றிருந்தால் அது ஹூஸ்டனுக்கே போயிருக்கும். கடைசி நிமிடத்தில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 20 யார்டு தேவைப்பட்டபோது டச் டவுன் அடித்து (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து), அதன் மேல் இரண்டு புள்ளி முயற்சியிலும் வென்று, 32-31 என்று இண்டியானாபொலிஸைத் தோற்கடித்தார்கள். அதனால் முதல் இடம் சிகாகோவுக்குப் போனது, சிகாகோவிடமிருந்து நமக்கு வந்தது. அந்த வெற்றியின் பயிற்சியாளரை அன்றிரவே வேலையிலிருந்து நீக்கினார்கள். நம் வீட்டின் இத்தனை நாள் தவிப்பு அந்த ஒரு வீச்சிலிருந்து தொடங்கியது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

மார்ச் 14. செவ்வாய்

என் காலை இன்னும் ஊன்றக் கூடாது என்பதால் மகனை அழைத்துக் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் போடச் சொன்னேன். ஒன்று ஐந்தடி பத்து அங்குலமும் அரைக்காலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அது அலபாமா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் பிரைஸ் யங், டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் அளந்தபோது. மற்றொன்று ஆறடி மூன்று அங்குலம்; அது ஒஹாயோ ஸ்டேட்டின் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட். இரண்டு கோடுகளுக்கும் இடையில் என் கை ஒரு சாண்கூட இல்லை. ஆனால் முன்வரிசையில் நிற்பவர்கள் ஆறடி ஐந்து அங்குலம், 300 பவுண்டுக்கு மேல். அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு களத்தின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டியவருக்கு இந்த இடைவெளி பெரிய அளவு.

யங்கைப் பல்கலைக்கழகம் ஆறடி, 194 பவுண்டு என்று பட்டியலிட்டிருந்தது. கம்பைனில் உயரம் குறைந்தது, எடை 204 ஆகக் கூடியது. அந்தப் பத்து பவுண்டு செப்டம்பர் வரை உடம்பில் தங்குமா என்பதே எனக்குக் கவலை.

மார்ச் 19. ஞாயிறு

வலி குறைந்திருந்ததால் இன்று யங் ஆடிய இரண்டு ஆட்டங்களை முழுமையாகப் பார்த்தேன். ஒன்று, 2022 செப்டம்பர் 10, டெக்சஸுக்கு எதிராக ஆஸ்டினில். இறுதி நிமிடத்தில் தடுப்பார் யாருமின்றி ஒரு டெக்சஸ் வீரர் நேராக அவர் மேல் பாய்கிறார்; யங் குனிகிறார், வந்தவர் காற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறார், இவர் எழுந்து 20 யார்டு ஓடுகிறார். பிறகு 33 யார்டிலிருந்து உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல். அலபாமா 20-19 என்று வென்றது. நான் அதை ஒன்பது முறை திருப்பிப் பார்த்தேன். குனிந்த அந்த நொடியிலும் அவருடைய கண்கள் தரையைப் பார்க்கவில்லை. களத்தின் மறுகோடியிலேயே இருந்தன.

மற்றொன்று, 2021இல் ஆபர்னுக்கு எதிராக. ஆட்டத்தின் முதல் மூன்று கால்பகுதிகளில் ஒரு புள்ளிகூட எடுக்காத அணியை, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் 97 யார்டு நடத்திச் சென்று 10-10 என்று சமன் செய்து, நான்காவது கூடுதல் நேரத்தில் வென்றார். பதற்றம் என்பது அந்த முகத்தில் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. நியூட்டன் சிரிப்பார், கோபப்படுவார், அரங்கையே ஆட்டுவிப்பார். இவர் அலுவலகக் கோப்பைப் புரட்டுகிறவரைப் போல நிற்கிறார். இத்தகையவரை நான் நேசிக்கப் பழக வேண்டும்.

மார்ச் 22. புதன்

இன்று கொலம்பஸில் ஸ்ட்ரவுட் அணிகளின் முன் எறிந்து காட்டினார். உரிமையாளர் டெப்பர், மேலாளர் ஃபிட்டரர், பயிற்சியாளர் ரைக் என்று நம் அணியினர் பெருங்கூட்டமாகப் போயிருந்தார்கள். எதிரில் தடுப்பவர் எவருமில்லாத அரங்கில் எறிந்து காட்டுவது எதையும் நிறுவாது என்பதை அறிந்தே பார்த்தேன். ஆயினும் அந்தப் பந்து அவர் கையைவிட்டுப் புறப்படும் விதம், ஓடுகிறவரின் தோளைத் தேடி இறங்கும் விதம், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூருக்கு இப்படி ஒரு பந்து ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை வந்திருக்கும்?

மார்ச் 23. வியாழன்

டஸ்கலூசாவில் யங். நன்றாக எறிந்தார். உயரம் மாறவில்லை.

மார்ச் 26. ஞாயிறு

ஸ்ட்ரவுட்டைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளை நேர்மையாக எழுதிவிட வேண்டும். மிச்சிகனை அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை; 2021இல் 42-27, 2022இல் 45-23. அவருக்கு வாய்த்த ரிசீவர்களில் காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் சென்ற ஆண்டு டிராஃப்டில் பத்தாம், பதினொன்றாம் இடங்களில் எடுக்கப்பட்டவர்கள். பிறகு ஸ்மித்-நிஜிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர். இப்படிப்பட்டவர்கள் ஓடினால் யார் எறிந்தாலும் சேருமே என்கிறார்கள். அவரைச் சுற்றித் தடுப்பாளர்கள் கட்டித் தந்த பாக்கெட் என்னும் காப்பு வளையமும் தூய்மையாக இருந்தது. அது கலைந்தால் என்ன செய்வார் என்று பார்க்க வாய்ப்பே குறைவு.

ஆனால் டிசம்பர் 31 இருக்கிறது. அட்லாண்டாவில், ஜார்ஜியாவுக்கு எதிராக, நாட்டிலேயே கடுமையான தடுப்பணியின் முன்னால், பாக்கெட் கலைந்துகொண்டே இருந்த இரவில் அவர் 348 யார்டு, நான்கு டச் டவுன் எறிந்தார். மூன்றாம் கால்பகுதியின் முடிவில் ஹாரிசன் தலையில் அடிபட்டு வெளியேறினார். அப்போது 38-24 என்று முன்னிலை. ஹாரிசன் இல்லாத கால்பகுதியில் ஜார்ஜியா முந்தியது, 42-41. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஸ்ட்ரவுட், ஓடவே மாட்டார் என்று சொல்லப்பட்ட ஸ்ட்ரவுட், 27 யார்டு ஓடி அணியை உதையடிக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். புத்தாண்டு பிறந்த நொடியில் அந்த 50 யார்டு உதை இடப்பக்கமாக விலகிப் போனது. அந்தப் பந்து நேராகப் போயிருந்தால் இன்று யாரும் இந்த விவாதத்தை நடத்திக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தான் தொடாத பந்துக்காக ஒருவரின் மதிப்பு ஏறி இறங்குவது நியாயமா?

அந்த ஆட்டம் இரண்டு ஆண்டுகளில் ஒன்று. மற்ற ஆட்டங்களில் அவர் ஏன் அப்படி ஓடவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதுவே என்னைத் தூங்கவிடவில்லை.

மார்ச் 30. வியாழன்

கெய்ன்ஸ்வில்லில் ஃபுளோரிடாவின் ஆண்டனி ரிச்சர்ட்சன். ஆறடி நான்கு அங்குலம், 244 பவுண்டு, 40 யார்டை 4.43 வினாடியில் ஓடுகிறார். நியூட்டனை நினைத்து மகன் துள்ளுகிறான். நியூட்டன் ஆபர்னில் ஒரு பருவம் முழுவதும் தோற்காமல் தேசியப் பட்டம் வென்ற பிறகு 2011இல் இங்கே வந்தவர். ரிச்சர்ட்சன் கல்லூரியில் தொடக்க வீரராக இறங்கியவை 13 ஆட்டங்கள். சென்ற ஆண்டு எறிந்தவற்றில் 53.8 விழுக்காடே சேர்ந்தது. காத்திருக்கும் பொறுமை உள்ள அணிக்கு அவர் சரி. அடுத்த ஆண்டின் முதல் சுற்றை விற்றுவிட்ட அணிக்குக் காத்திருக்க நாள் எங்கே?

ஏப்ரல் 2. ஞாயிறு

பத்து அடி நடந்தேன். கதவு நிலை வரை.

ஏப்ரல் 5. புதன்

எல்லோரும் யங் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வாரம் முன்பு எல்லோரும் ஸ்ட்ரவுட் என்றார்கள். இடையில் ஒருவரும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஏப்ரல் 9. ஞாயிறு

இன்று முழுவதும் ஒரே நினைவு, 2022 அக்டோபர் 1. ஆர்க்கன்சாவுக்கு எதிரான ஆட்டத்தில் எறியும் கையின் தோளில் யங்குக்கு அடிபட்டது; அடுத்த ஆட்டத்தில் இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் டென்னசியில் இறங்கி 455 யார்டு எறிந்தார். அணி 52-49 என்று தோற்றது. இதைச் சிலர் உறுதிக்குச் சான்றாகச் சொல்கிறார்கள், சிலர் எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமாகத் தெரிகிறது. கல்லூரிக் களத்தில் எதிரே வருபவர்களுள் ஓரிருவரே இந்தத் தொழிலுக்கு வருவார்கள். இங்கே பதினேழு வாரமும் எதிரே வரும் ஒவ்வொருவரும் அவர்களே.

கைலர் மர்ரியும் கம்பைனில் இதே ஐந்தடி பத்தே அரைக்கால்தான், எடை 207. 2019இல் அரிசோனா முதல் இடத்தில் எடுத்தது. சென்ற டிசம்பரில் எவரும் தொடாமலேயே அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அதை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். உயரத்துக்கும் அந்தக் காயத்துக்கும் தொடர்பில்லை என்று என் மருத்துவரே சொல்வார். தெரிந்தும் மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

யங்கின் சார்பில் எழுத வேண்டியதும் உண்டு. ஸ்ட்ரவுட்டுக்கு இருந்ததைப் போன்ற ரிசீவர்கள் சென்ற ஆண்டு யங்குக்கு இல்லை. அலபாமாவில் அதிகமான பந்துகளைப் பிடித்தவர் ரிசீவரே அல்ல, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸ், 44 முறை. அந்த நிலையிலும் 32 டச் டவுன், எதிரணி பறித்த பந்துகள் (இன்டர்செப்ஷன்) ஐந்தே. மூர் இல்லாத நம் அணிக்கு வரப்போகிறவர், உதவி குறைந்த இடத்தில் ஆடிப் பழகியவராக இருப்பது நல்லதல்லவா? இன்று காலையில் எனக்குத் தோன்றிய மிக வலிமையான வாதம் இது. மாலைக்குள் அதுவே என்னை அச்சுறுத்தியது: இருக்கும் உதவியையும் விற்றுவிட்டு, உதவியின்றி ஆடக்கூடியவர் வேண்டும் என்று தேடுகிறோம்.

ஏப்ரல் 15. சனி

மகன் கோட்டுக்கு அருகில் நின்று பார்த்தான். இன்னும் நான்கு விரல்.

ஏப்ரல் 18. செவ்வாய்

ரைக் தன் பயிற்சி வாழ்க்கையில் வைத்திருந்த குவாட்டர்பேக்குகள் லக், ரிவர்ஸ், வென்ட்ஸ், ரயன் என்று எல்லோரும் உயரமானவர்கள். முன்னாள் குவாட்டர்பேக்கான அவரும் ஆறடி நான்கு. 1995இல் பாந்தர்ஸ் அணி ஆடிய முதல் ஆட்டத்தில், அட்லாண்டாவில், முதல் பந்தை வாங்கியவரும் அவரே. ஆகவே ஸ்ட்ரவுட்டைத்தான் எடுப்பார் என்பவர்களின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே ரைக் 1993 ஜனவரியில் பஃபலோவின் மாற்று வீரராக இறங்கி, 35-3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 41-38 என்று வென்றவர். கலங்காத மனம் என்றால் என்ன என்பதை உள்ளிருந்து அறிந்தவர். அப்படிப்பட்டவர் யங்கின் முகத்தில் எதைப் பார்ப்பார் என்று ஊகிக்க முடிகிறது.

ஏப்ரல் 23. ஞாயிறு

அறிவாற்றல் தேர்வு ஒன்றின் மதிப்பெண்கள் என்று சிலவற்றை வெளியே கசியவிட்டிருக்கிறார்கள். யங்குக்கு மிக உயர்வு, ஸ்ட்ரவுட்டுக்கு மிகத் தாழ்வு என்று செய்தி. இருபத்தொரு வயதுப் பையனின் தேர்வுத் தாளை ஊர் முழுக்கப் படிக்கிறது. யங்கை விரும்பத் தொடங்கியிருக்கும் நான் இதில் மகிழ வேண்டும், வெட்கமாக இருக்கிறது. ஜார்ஜியாவின் தடுப்பணியை அந்த இரவில் படித்தறிந்த மூளை எது?

ஏப்ரல் 25. செவ்வாய்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா? நீங்கள் ஏன் இப்படி அளந்துகொண்டே இருக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். விலையை நினைத்து அளக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு கோடுகளையும் அழித்துவிடட்டுமா என்றாள். வியாழன் வரை இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 26. புதன்

2024இன் முதல் சுற்று எத்தனையாவது இடமாக அமையும் என்று கணக்கிட முயன்று விட்டுவிட்டேன். நாம் வென்றால் சிகாகோவுக்குச் சிறிய பரிசு. நாம் தோற்றால் பெரிய பரிசு. ஒவ்வொரு தோல்வியும் அவர்களுக்கு வரவாகும் ஆண்டு ஒன்று வரப்போகிறது.

ஏப்ரல் 27. வியாழன்

இரவு எட்டு மணி. கான்சஸ் சிட்டி, யூனியன் ஸ்டேஷன் முன்னால் பெருந்திரள். ஊன்றுகோல் இல்லாமல் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மாலையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: என் கையில் விட்டால் யங். ஸ்ட்ரவுட்டின் கையைவிட யங்கின் கண்ணை நம்புகிறேன். கை தேறும், தளரும். வருகிறவன் மேலே பாயும்போது மறுகோடியைப் பார்க்கும் கண்ணை எவரும் கற்றுக்கொடுத்து நான் கண்டதில்லை. இதை எழுதி மகனிடம் காட்டிவிட்டுத்தான் தொலைக்காட்சியைப் போட்டேன்.

லீக்கின் ஆணையர் குடெல் மேடைக்கு வந்து யங்கின் பெயரைப் படித்தார். மகன் கத்தினான். எனக்குக் கண் கலங்கியது. மகிழ்ச்சியா, ஏழு வாரத்துச் சுமை இறங்கியதா, தெரியவில்லை. ஸ்ட்ரவுட்டை அடுத்த இடத்திலேயே ஹூஸ்டன் எடுத்துக்கொண்டது. உடனே மூன்றாம் இடத்தையும் அரிசோனாவிடமிருந்து வாங்கி, அலபாமாவில் யங்கோடு ஆடிய வில் ஆண்டர்சனையும் எடுத்தது. ரிச்சர்ட்சன் நான்காவதாக இண்டியானாபொலிஸுக்கு. கெண்டக்கியின் குவாட்டர்பேக் வில் லெவிஸ் தன் குடும்பத்தோடு மேசையில் உட்கார்ந்தே இருந்தார். முதல் சுற்று முடியும் வரை யாரும் அழைக்கவில்லை.

எல்லோரும் உறங்கிய பிறகு ஜார்ஜியா ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை இன்னொரு முறை பார்த்தேன். 27 யார்டு.

ஏப்ரல் 28. வெள்ளி

மனைவி ஆறடி மூன்று கோட்டை மட்டும் அழித்திருக்கிறாள். இன்றிரவு ஏழு மணிக்கு இரண்டாம் சுற்று. 39ஆம் இடம் நம்முடையது. ரிசீவர் ஒருவர் வேண்டும். மூர் நின்ற இடத்தில் நிற்க.