இறுகியது நட், இறுகாதது ஷாக்

பைக்கின் பின்சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கேட்ட ‘லொடக்’ ஒருவழியாக நின்றது. பின்பக்கம் அதிர்வைத் தாங்கும் ஷாக் இரண்டும் புதிது. எண்ணெய்க் கசிவு இல்லை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் ஆட்டம் இல்லை, குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும்வரை நட்டுகளை முடுக்கியாயிற்று. இத்தனை செய்தும் நேற்றுவரை சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. காரணம் வெறும் 2 மி.மீ.

பழைய இரட்டை ஷாக் வண்டிகளுக்கு ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று வரும் ஜோடிகளில், அட்டைப் பெட்டியின் மேல் ஒரே ஓர் அளவுதான் இருக்கும்: சென்டர் டு சென்டர் நீளம், அதாவது மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை. அது ஒத்துப்போனால் மற்றதெல்லாம் வாஷர் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

ஷாக்கின் மேல்முனை மாட்டும் தண்டு, அதாவது மேல் ஸ்டட், இந்த வண்டியில் வழவழப்பான பகுதியில் 13.95 மி.மீ. விட்டம். உள்பக்க வாஷர் சாயும் தோளிலிருந்து அந்தப் பகுதியின் நீளம் 28 மி.மீ. அதற்குப் பிறகு படி இறங்கி 12 மி.மீ. மரை. புது ஷாக்கின் வளையம் 22 அகலம், உள்ளே இருக்கும் ரப்பர் 23.5, அதற்குள் ஸ்லீவ் எனும் இரும்புக் குழாய் 22. கூட்டிப் பாருங்கள்: உள்பக்க வாஷர் 2, ஸ்லீவ் 22, வெளி வாஷர் 2, ஆக 26. நட் எங்கே போய் நிற்கும்? 28-ல் இருக்கும் படியில். ரப்பரைக் கணக்கில் எடுத்தாலும் 27.5-தான். அதாவது நட் ஸ்டட்டின் படியோடு கட்டிப்பிடித்து இறுகியிருக்கிறது, ஷாக்கை யாருமே பிடிக்கவில்லை. டார்க் ரெஞ்சுக்கு இது தெரியாது, எதிர்ப்பு வந்தால் ‘டிக்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: நட்டை முடுக்கிய பிறகு வெளி வாஷரை விரல் நகத்தால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் வேலை முடியவில்லை. முனை மூடிய குமிழ் நட் போட்டிருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. ஸ்டட்டின் முனை குமிழின் உட்கூரையில் முட்டி நின்றுவிடும், இறுகின மாதிரியே இருக்கும். முதலில் சாதாரண நட் போட்டுப் பார்த்து, எத்தனை மரை வெளியே நீட்டுகிறது என்று அளந்துவிட்டுக் குமிழுக்குப் போவது நல்லது.

கூடுதலாக ஒரு வாஷர் போட்டால் போதாதா? போட்டுப் பார்த்ததில் சத்தம் குறைந்தது, போகவில்லை. ஏனென்றால் கூடவே வந்தது ஒற்றை ஸ்லீவ் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஜோடி. வெளி ஸ்லீவுக்குள் 16 மி.மீ. துளை, அதில் பெயருக்கு 14 மி.மீ. துளையுள்ள உள் ஸ்லீவ். ஸ்டட்டுக்கும் உள் ஸ்லீவுக்கும் 0.3 ஆட்டம், இரண்டு ஸ்லீவுகளுக்கு இடையில் 0.2. மொத்தம் அரை மி.மீ. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரை மி.மீ. ஸ்டட்டைச் சுத்தியல் மாதிரி தட்டும். அப்படியே ஓட்டினால் ஸ்டட் நீள்வட்டமாகத் தேயும், ஷாக்கை மாற்றினால் தீராத செலவு அது.

ஆகவே லேத்தில் ஒற்றை ஸ்லீவ். வெளி விட்டம் 20, நீளம் 25. வாஷர்களோடு சேர்த்து 29, படியைத் தாண்டி 1 மி.மீ. கிடைக்கிறது, நட் இனி வாஷரைத்தான் அழுத்தும். ரப்பருக்கு இரண்டு பக்கமும் 0.75 விட்டு நிற்பதால் வாஷர் ரப்பரை நசுக்காது. மைல்ட் ஸ்டீல் போதும். நைலான், அலுமினியம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நைலான் அழுத்தத்தில் மெல்ல மெல்லக் குறுகும், நட் தானாகத் தளரும். வேண்டாம்.

லேத்துக்குத் தாளில் அளவு எழுதிக் கொடுப்பதைவிட, ஸ்டட்டையே கழற்றிக் கொடுப்பது மேல். சட்டத்தோடு வெல்டு ஆனது என்றால் அதே விட்டத்தில் ஒரு துண்டு கம்பி. துளையை ட்ரில் பிட்டோடு நிறுத்திவிட்டால் 14.2, 14.3 என்று அகன்றுவிடும். முதலில் வந்த நாலு ஸ்லீவும் அப்படித்தான் குப்பைக்குப் போயின. 13.8-ல் துளைத்து, துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவும் 14 மி.மீ. ரீமர் ஓட்டச் சொல்ல வேண்டும். கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆடக்கூடாது. நாலு ஸ்லீவையும் ஒரே கம்பியில், ஒரே அமர்வில் வெட்டினால் நீளம் ஒத்துப்போகும். முகம் சதுரமாக இல்லாவிட்டால் வாஷர் ஓரத்தில் மட்டும் உட்காரும்.

ரப்பருக்குள் ஏற்றுவதுதான் அடுத்த மல்லுக்கட்டு. ரப்பரின் துளை 18.5, ஸ்லீவ் 20. நுழையும் முனையில் 1 மி.மீ. சரிவு கடைந்திருந்தால் ரப்பர் கிழியாது. சோப்புத் தண்ணீர் தடவி, வைஸின் ஒரு தாடையில் சின்ன சாக்கெட், மறு தாடையில் பெரிய சாக்கெட் வைத்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் திருக வேண்டும். பாதியில் நின்றால் ரப்பர் பிடித்துக்கொள்ளும். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவுவது வசதிதான், ஆனால் இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிக் குழைந்துவிடும். சோப்பு காய்ந்ததும் ரப்பர் ஸ்லீவைக் கவ்வும், கவ்வத்தான் வேண்டும். இந்தப் புஷ் வழுக்கிச் சுழல்வதற்கானது அல்ல, முறுக்கிக்கொடுப்பதற்கானது. அதனால்தான் நட்டுகளைக் கடைசியாக முடுக்கும்போது சக்கரம் தரையில் இருந்து, வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் தொங்கவிட்டு முடுக்கினால், வண்டி ஓடும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும், சீக்கிரம் பிய்யும்.

கீழே 10 மி.மீ. போல்ட். அதே 25 நீளம், துளை மட்டும் வேறு. மேல் தோளும் கீழ்த் தோளும் ஒரே தளத்தில் இருப்பதை நேர்சட்டம் வைத்துப் பார்த்த பிறகே அந்த முடிவு. பின்னாலிருந்து பார்த்து ஷாக் சாய்ந்து நின்றால் ராடு ஒருபக்கமாக உரசி, ஆயில் சீலைத் தின்றுவிடும்.

ஸ்பிரிங் கதை தனி. பழையது கம்பி 7 மி.மீ., சராசரி விட்டம் 45, வேலை செய்யும் சுற்று 15. புதியது 7.5, 48, 14. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். கணக்குப் போட்டால் பழையது மி.மீ.க்கு 17 நியூட்டன், புதியது 20. கம்பியை அளக்கும்போது பெயிண்டைச் சுரண்டிவிட்டு அளக்கவும். 7.5-ஐ 7.7 என்று படித்தால் விடை பத்து சதவீதத்துக்கு மேல் பிசகும்.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோட் இரண்டாம் படியில் இருந்தபோது வண்டி தன் எடைக்கு 5 மி.மீ. இறங்கியது, ஆள் ஏறினால் 22. சக்கரத்தின் மொத்த ஓட்டம் சுமார் 100, அதற்கு இது குறைவு. முதல் படியில் 9, 26. இது போதும். இரண்டிலும் வித்தியாசம் 17-தான் என்பதைக் கவனியுங்கள். ப்ரீலோட் உயரத்தை மாற்றும், விறைப்பைத் தொடாது.

ஷாக்கின் நீளம் 330-லிருந்து 340 ஆகியிருக்கிறது. ஷாக் அச்சுக்கு முன்னால் சாய்ந்து நிற்பதால் பின்புறம் 12, 13 மி.மீ. உயரும், முன்ஃபோர்க் அரை டிகிரிக்குச் சற்று மேல் செங்குத்தாகும். சைடு ஸ்டாண்டில் வண்டி முன்னைவிடச் சாய்கிறது, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையை உரசப் பார்க்கிறது. செயினையும் மறுபடி பார்க்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழலும் பிவட், பின் அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், தொய்வை அங்கே பாருங்கள். மட்கார்டு பயம் இல்லை: முழுதாக அமுங்கினால் பழையது 255, புதியது 260. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கை மாட்டி, ஜாக்கால் சக்கரத்தைத் தூக்கி உறுதிசெய்தது.

செயின் கவர் பக்கம் ஸ்பிரிங் 1.75 மி.மீ. தடித்து வந்தது, நீண்ட ஸ்லீவ் அதில் 1.5-ஐத் திருப்பிக் கொடுத்தது. எதிர்பாராத லாபம். சைலன்ஸர் பக்கம்தான் இடிக்கிறதோ என்று சந்தேகம். அங்கே ஒரு களிமண் உருண்டை ஒட்டியிருக்கிறது. பின்சீட்டில் ஆள் ஏற்றி நாலு வேகத்தடை தாண்டிய பிறகு அமுங்கிய அதன் தடிப்பு, அதாவது மிச்ச இடைவெளி, 3 மி.மீ. சைலன்ஸர் பிராக்கெட்டுக்கு ஒரு ஸ்பேசர் கடைய வேண்டும். அதற்குள் முன்ஃபோர்க் ஸ்பிரிங்கின் மேல் கை போய்விட்டது, பின்புறம் விறைத்ததும் முன்புறம் எவ்வளவு தொளதொளப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.