ஒழுகுகிற கூரையும் எட்டு லட்சம் யூரோவும்

அம்மா ஜெர்மனி வந்து மூன்றாவது வாரம். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு டூசல்டார்ஃபுக்குத் திரும்பும்போது நல்ல மழை. வழியில் மாற வேண்டிய ரயில் ரத்து. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் இருந்தது. குளிரில் பிளாட்பாரத்தில் நிற்பானேன் என்று, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த மியூசியத்துக்குள் நுழைந்தோம். நவீன கலை மியூசியம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், காரணம் உங்களுக்கே புரியும்.

மூன்றாவது அறை. வெள்ளைச் சுவர், பளிங்கு மாதிரி தரை. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. கீழே நான்காக மடித்த துணி. கூரையிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு பேர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா, இங்கேயும் ஒழுகுமா?" என்றாள் அம்மா.

"ம்மா, மெதுவா பேசு. இது கலைப் படைப்பு."

"வாளியா?"

எனக்கு அந்த வாரம்தான் ஆபீஸில் ஒருவர் மார்ட்டின் கிப்பன்பெர்கர் என்ற ஜெர்மன் கலைஞரின் கதையைச் சொல்லியிருந்தார். சொல்ல ஆள் கிடைத்தால் விடுவேனா?

கிப்பன்பெர்கர் 1987இல் செய்த ஒரு சிற்பத்தின் பெயரே 'கூரையிலிருந்து சொட்ட ஆரம்பிக்கும்போது'. மரச் சட்டங்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி, அடியில் ஒரு ரப்பர் தொட்டி. தொட்டிக்குள் தண்ணீர் காய்ந்து போன கறை மாதிரி அவரே பெயிண்ட் பூசியிருந்தார். 2011இல் அது டோர்ட்முண்டில் ஒரு மியூசியத்தில் இருந்தது. துப்புரவு வேலைக்கு வந்த பெண்மணி பார்த்தார். தொட்டி, உள்ளே கறை. தேய் தேய் என்று தேய்த்துப் புதுசாக்கிவிட்டுப் போய்விட்டார். படைப்புகளுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி நின்றுதான் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு உண்டாம். ஆனால் கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சிற்பத்தின் மதிப்பு எட்டு லட்சம் யூரோ. திரும்பக் கறை பூசித் தரச் சொல்லலாம் என்றால், கிப்பன்பெர்கர் 1997இலேயே இறந்துவிட்டார்.

"பாவம், அந்தப் பொண்ணு வேலையைத்தானே செஞ்சா" என்றாள் அம்மா.

"இங்கே ஒரு பேச்சே உண்டும்மா. எதையாவது பார்த்துச் சந்தேகம் வந்தா, 'இது கலையா, இல்லே தூக்கிப் போடலாமா?'ன்னு கேப்பாங்க."

இப்படி நான் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. நீல ஓவரால் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். நீல வாளியைத் தூக்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு சிவப்பு வாளியை வைத்துவிட்டுப் போனார்.

கை கட்டி நின்ற இருவரில் ஒருவர் அவசரமாகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த அறையில் ஒரு சாம்பல் நிற பெஞ்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்காரும்மா என்றால் மாட்டேன் என்கிறாள். "இதையும் எவனாவது செஞ்சு வெச்சிருந்தா? எட்டு லட்சத்துக்கு நான் எங்கே போவேன்?" கடைசியில் காவலுக்கு நின்ற அம்மணியே வந்து உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது. அப்புறமும் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள்.

ரயிலில் ஏறியதும், போன மானத்தை மீட்கலாம் என்று யோசப் போய்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் கலைஞரின் கதையை எடுத்தேன். டூசல்டார்ஃபிலேயே வாழ்ந்து கற்பித்தவர். குழந்தையில் தன்னைக் குளிப்பாட்டிய தொட்டியில் பிளாஸ்திரி ஒட்டி, கொழுப்புத் தடவிப் படைப்பாக்கியிருந்தார். 1973இல் லேவர்கூசனில் அது இருந்த மாளிகையில் ஒரு கட்சிக்காரர்கள் விழா. கிளாஸ் கழுவப் பாத்திரம் தேடிய இரண்டு பெண்கள் அந்தத் தொட்டியைச் சுரண்டி, கழுவி, பளபளவென்று ஆக்கிவிட்டார்கள்.

"கொழுப்புப் பிடிச்ச தொட்டியைக் கழுவாம என்ன பண்ணுவாங்க? கெட்டிக்காரிங்க" என்றாள் அம்மா. கதை யார் பக்கம் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்த மனமில்லை.

1982இல் அதே போய்ஸ், டூசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் ஓர் அறையின் மூலையில், தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில், ஐந்து கிலோ வெண்ணெயை அப்பி வைத்தார்.

"எத்தனை கிலோ?"

"அஞ்சு."

"ஒழுங்கா காய்ச்சியிருந்தா நாலு கிலோ நெய் வந்திருக்கும்டா!" எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

1986 ஜனவரியில் போய்ஸ் இறந்துபோனார். அந்த அக்டோபரிலேயே கல்லூரி ஊழியர் ஒருவர் மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார். அந்த வெண்ணெய் எனக்குக் கொடுத்தது என்று போய்ஸின் மாணவர் வழக்குப் போட, மாநில அரசு 40,000 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணம்) கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

"நாப்பதாயிரமா? அந்த வெண்ணெய்க்கா?"

"மிச்சம் மீதியை எடுத்து வெச்சிருந்தாங்கம்மா. 2014இல் மூணு கலைஞர்கள் அதே கல்லூரியில அதைப் போட்டுச் சாராயம் காய்ச்சிட்டாங்க. குடிச்சும் பார்த்தாங்க. பார்மேசான் சீஸ் மாதிரி இருந்துதாம்."

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சாவது காய்ச்சணும்னு தோணிச்சே" என்றாள்.