தாச்சிச் சுழல்

ஜனவரி 9
அப்பாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். ரிப்போர்ட் இன்னும் வரல.
விடியப்பொறம் குளிக்கத் தண்ணி சுட வச்ச தாச்சிய, அந்த அகலச் சட்டிய, எறக்கி வச்சேன். கதவிடுக்குக் காத்து பட்டதும் ஆவி சுண்டுவெரல் தடிப்புக்கு முறுக்கிக்கிட்டு எழும்பிச்சு. ரெண்டு மூச்சு நேரம். அறுந்துபோச்சு.

ஜனவரி 10
கொதிக்கையில சுழல் வராது. கொப்புளம் வெடிச்சு ஆவியக் கலைச்சிடுது. எறக்கி வச்சு அடங்கினப்புறம்தான். நம்ம மலைநாட்டுக் குளிரும் சேத்தி. கண்ணுக்குத் தெரியிறது குளிர்ல கட்டுன பொடித் துளிதானே.

ஜனவரி 11
சூடான காத்து சும்மா மேல போனா சுத்தாது. பக்கத்துல இருந்து சாய்வா காத்து நுழையணும். அலுமாரி மேல அப்பாவோட பழைய எக்ஸ்ரே படம் ரெண்டு கெடந்துச்சு. அரைவட்டமா வளைச்சு தாச்சியச் சுத்தி நிறுத்தினேன், ஒண்ணோட ஓரம் மத்ததுக்கு வெளிய நிக்க, ரெண்டு பக்கமும் ரெண்டு வெரல் இடுக்கு. மேலருந்து டோர்ச் அடிச்சேன். நடுவுல வெள்ளையா எழும்பி, சுத்தி, ஒடியாம நின்னுச்சு! இடுக்குல மெதுவாத்தான் நுழையிது. நடுவ நெருங்க நெருங்க வேகம். தட்டாமாலை சுத்துற புள்ள கைய மடக்கிக்கிட்டா எப்படியோ அப்படி.
கருப்புல அப்பாவோட விலா எலும்பு வரி வரியா. எடது பக்கம் மேல அந்த வெள்ளை. அதப் பாக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

ஜனவரி 12
நாம பூமிக்கு வடபாதியில இருக்கோம், அதான் எடப்பக்கமா சுத்துதுன்னான் தம்பி. படத்த மாத்தி நிறுத்தினேன். வலப்பக்கமா சுத்துச்சு. பூமி சுத்துறது புயலுக்குடா, தாச்சிக்கு இடுக்குதான். பேசாமப் போயிட்டான்.

ஜனவரி 13
கதவத் தெறந்தா சுழல் இல்ல. சாத்துனா அடுப்புப் பொகை, அப்பாவுக்கு இருமல். தெறந்தே வச்சேன்.

ஜனவரி 15
பொங்கல். பால் கெழக்கால வழிஞ்சிச்சு, அம்மாயிக்கு அதுலயே சந்தோசம். ரிப்போர்ட் பத்தி யாரும் வாயே தெறக்கல.

ஜனவரி 17
தூக்கமில்ல. போன்ல வாசிச்சேன்: 1923 செப்டம்பர் 1, ஜப்பான்ல பூமியதிர்ச்சி. டோக்கியோவுல வெட்டவெளின்னு நம்பி ஒதுங்குன சனத்து மேல நெருப்புச் சுழல். ஒரே எடத்துல ஏறத்தாழ 38,000 பேர். இதே சங்கதிதான், ஆவிக்குப் பதிலா தீ. எங்க லயத்து வரிசை வீட்டுல எல்லாக் காம்பிராவுக்கும் ஒரே கூரை. எந்திரிச்சுப் போய் அடுப்புல தண்ணி தெளிச்சேன்.
அப்பா முழிச்சுத்தான் இருந்தாரு. "என்னாம்மா?"
ஒண்ணுமில்லப்பா.

ஜனவரி 18
அவரே கேட்டாரு, காட்டுன்னு. இஸ்தோப்புல, வாசத் திண்ணையில, காத்து, உள்ளதான் வச்சேன். குந்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "வேலைக்குப் பேர் குடுக்குற பிரட்டுக்களத்துல உச்சி வெயிலுக்குத் தூசி இப்பிடித்தான் எழும்பும். பேய்னு ஓடுவோம்." யாரோட எலும்புன்னு அவரும் கேக்கல.

ஜனவரி 20
கோல் வந்துச்சு. நாளைக்கே வரணுமாம். பழைய படத்தையும் மறக்காமக் கொண்டாரச் சொன்னாங்க. ரெண்டும் சுருண்டு நிக்கிது. அரிசிச் சாக்குக்கு அடியில வச்சிருக்கேன், அஞ்சரை பஸ்ஸுக்குள்ள நிமிரணும்.