ஸ்பார்ட்டா இடதா, வலதா?

அரசியலில் இடது, வலது என்ற பிரிவு 1789-இல் பிரெஞ்சு தேசிய அவையின் இருக்கை வரிசையில் பிறந்தது. அதைக் கொண்டு பண்டைய சமூகங்களை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் இரண்டு அரசர்கள், அவர்களையும் சேர்த்து 30 பேர் கொண்ட மூத்தோர் அவை, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 5 எபோர்கள் எனும் உயர் அதிகாரிகள், குடிமக்களின் பொது உணவுக்கூடம், இவை அனைத்தையும் தாங்கிய ஹெலட்டுகள் எனும் அடிமைநிலை உழவர்களின் கட்டாய உழைப்பு என, முடியாட்சியும் சிலராட்சியும் மக்களாட்சியின் சாயலும் ஒருங்கே இயங்கின. பொது உணவைக் கண்டு அதைப் பொதுவுடைமை என்போர், உணவுக்கான தம் பங்கைச் செலுத்த இயலாதவர் முழுக் குடியுரிமையையே இழந்தார் என்பதை (வசதியாக) மறந்துவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசைச் சோசலிசம் என்பதும் இத்தகையதே. அங்கே மித்தா எனும் கட்டாய உழைப்பே வரியாக இருந்தது. நிலம் யாருடையது, வரி எவ்வடிவில் வந்தது, ஆள்பவரை யாரால் நீக்க முடிந்தது என்று கேட்டே நான் வகைப்படுத்துவேன்.