அறிக்கையில் இல்லாத இடம்

ஆழம் எழுதினேன், அடிமணல் எப்படிப்பட்டது என்று எழுதினேன், எந்த மாதம் என்றும் எழுதினேன். சங்கு முட்டையிட்டிருந்த இடத்தை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை. செய்தது சரிதான் என்று காலையில் தோன்றும், ராத்திரி தோன்றாது.

தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் ஆய்வுக்காகச் சங்கு அளக்கப் போகும்போது பழக்கமான ஒரு சங்குகுளித் தொழிலாளி, எனக்கு அண்ணன் வயசு, ஒருநாள் முட்டைத் தொடர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு சாண் நீளம், ஆட்டுக் கொம்பு மாதிரி முறுக்கு, வளையம் வளையமாக அறைகள். மணலில் ஊன்றியிருந்த அடிப்பக்கத்தில் ஈர மண் அப்படியே ஒட்டியிருந்தது. ஓர் அறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே குஞ்சுகள், சங்கு உருவத்திலேயே. எங்கே எடுத்தார் என்று கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு, "எழுதிராதீங்க சார். நீங்க எழுதுனா அடுத்த வாரமே இழுவை மடிக்காரன் அங்க நிப்பான்" என்றார். இழுவை மடி என்பது படகு கட்டி இழுத்துக் கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை.

"சரிண்ணே" என்றேன். அந்தச் சரியைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. சிப்பி, மட்டி என்றால் முட்டையும் விந்தும் தண்ணீரிலேயே கலந்து, லார்வா வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து போய் எங்கோ படியும். ஒரு பார், அதாவது சிப்பி வாழும் கடலடித் திட்டு, காலியானாலும் இன்னொரு பாரிலிருந்து குஞ்சு வந்து சேர வழியுண்டு. சங்குக்கு அந்த வழி கிடையாது. கருவுறுவது தாயின் உடம்புக்குள், வளர்வது முட்டை அறைக்குள், வெளியே வந்ததும் புழு நிறைந்த அதே பூச்சி மணலில் அந்தப் புழுவைத் தின்று ஊர்ந்து பிழைக்க வேண்டியதுதான். அங்கே ஒருதரம் மடி இழுத்துத் தாயையும் தொடரையும் வாரிவிட்டால், பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் அந்த இடம் நிரம்ப வேண்டும். அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. இதெல்லாம் தெரிந்த நான் எப்படி இடத்தை எழுதுவேன்?

ஆனால் இதே காரணத்தால்தான் எழுதியிருக்க வேண்டும் என்றும் படுகிறது. மேலதிகாரியிடம் மறைக்கவில்லை, சொன்னவர் எழுத வேண்டாம் என்றார் என்றே சொன்னேன். "இடம் இல்லாம எதைப் பாதுகாக்கச் சொல்றது? இது டேட்டா இல்லை, கேள்விப்பட்ட கதை" என்றார். கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது என்ற பழைய அளவு விதி சின்னச் சங்கைக் காக்கும். முட்டைத் தொடருக்கு அது என்ன செய்யும்? கையால் பொறுக்கும் குளியாளாவது சின்னதை விட்டுவிட்டு வரலாம், இழுவை மடி அளந்து பார்த்தா அள்ளுகிறது? அந்த இடத்தை விட்டுவைக்கச் சொல்ல ஒரு வரைபடம் வேண்டும், அந்த வரைபடத்தில் வைக்க வேண்டிய புள்ளி என்னிடம் இருந்தது. அந்த வரைபடம் வெளியே போனால் யார் கைக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். கடலில் காவல் நிற்க ஆள் இல்லாத நிலையில், காக்க வேண்டிய இடத்தைக் காகிதத்தில் குறிப்பது அதைக் காட்டிக் கொடுப்பதாகவே முடியலாம்.

அப்புறம் ஒரு நடுவழி பிடித்தேன். இடம் சொல்லாமல், முட்டையிடும் மாதங்களில் சங்கு எடுப்பதை மொத்தமாக நிறுத்தலாம் என்று பரிந்துரையில் சேர்த்தேன். அப்போது அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஆனால் வருஷத் தொடக்கத்தில் வரும் அந்த மாதங்கள் கடல் தெளிந்து குளிக்கத் தோதானவை. அந்தப் பரிந்துரை நடப்புக்கு வந்தால் முதலில் வருமானம் இழப்பது என்னை நம்பி இடம் சொன்ன அண்ணன்தான். இழுவை மடிக்காரருக்குச் சங்கு கூடுதல் வரும்படி, இவருக்கு அதுதான் அடுப்பு எரிய வழி. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று பலவிதமாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரு விதத்தில் திட்டுகிறார், இன்னொரு விதத்தில், "இடத்தையே எழுதியிருக்கலாமே சார், அந்த ஒரு இடத்தோட போயிருக்கும்" என்கிறார். அவர் அப்படிக் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.