ஊசிக்கு அப்புறம் எதுவும் ஞாபகமில்லை

மார்ச் 9, 2024

மாமியாரின் பிறந்தநாளுக்கு எல்லாரும் ஒஹையோவில் பாட்டி வீட்டில் கூடியிருக்கிறோம். என் கணவரின் பாட்டிக்கு 92 வயது, பேச்சு இன்னும் தெளிவு. எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "அத்தை எத்தனை மணிக்குப் பிறந்தாங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? ஊசி போட்டாங்க. கண் விழிச்சா மறுநாள். நர்ஸ் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து உன் மகள்னு சொன்னா. இது என்னுடையதுதானான்னு ரொம்ப நாள் சந்தேகம்" என்றார்.

அது 1957. தாத்தாவை உள்ளேயே விடவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை இதை முதன்முறையாகக் கேட்கிறார்.

மார்ச் 10

காலையில் பாட்டி தானாகவே மறுபடி ஆரம்பித்தார். பிரசவத்துக்கு அப்புறம் இரண்டு மணிக்கட்டும் கன்றிப்போய் வலித்ததாம். ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சட்டைக் கையை ஏற்றி, கட்டைவிரலுக்குக் கீழே சுற்றிக் காட்டினார்.

கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பிரசவத்துக்குப் போட்ட 'ட்விலைட் ஸ்லீப்' (அரைத்தூக்கம்) ஊசியாகத்தான் இருக்கும். அதிலுள்ள ஸ்கோபோலமைன் என்ற மருந்து வலியைக் குறைக்காது, வலித்த நினைவைத்தான் பதிய விடாது. கூடக் கொடுக்கும் மார்ஃபினோ பெத்தடினோ வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மருந்து ஏறியவர்கள் நிலைதெரியாமல் கத்துவார்கள், புரளுவார்கள், கட்டிலிலிருந்து விழவும் பார்ப்பார்கள். அதனால் கை கால்களை வாரால் கட்டினார்கள். தோலில் தழும்பு விழாமலிருக்க உள்ளே ஆட்டுரோமம் வைத்த வார்களும் இருந்தன. தழும்பைப் பற்றி யோசித்தவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 12

இந்த ட்விலைட் ஸ்லீப் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் தொடங்கியது. கிரோனிக், கௌஸ் என்ற இரு டாக்டர்கள் 1906 வாக்கில் இதை ஒரு முறையாக்கினார்கள். ஒரு பொருளைக் காட்டுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து அதையே காட்டி ஞாபகமிருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் இன்னொரு ஊசி. கண்ணுக்குத் துணி, காதுக்கு எண்ணெயில் நனைத்த பஞ்சு.

அமெரிக்காவில் இதைக் கேட்டுப் போராடியவர்கள் பெண்கள்தான். 1914இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்ததும் சங்கமே அமைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிரசவ வலியை விதி என்று சொல்லித் தள்ளிவிட்ட காலம் அது. சங்கத்தின் முன்னணியில் இருந்த திருமதி கார்மடி 1915இல் புரூக்ளினில் பிரசவத்தில் இறந்தார். மருந்து காரணமல்ல என்று டாக்டர்களும் அவர் கணவரும் சொன்னார்கள், ஆனாலும் இயக்கம் தளர்ந்தது. மருந்து மட்டும் போகவில்லை, ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மார்ஃபின் குழந்தையின் மூச்சையும் மந்தமாக்கும். அத்தை பிறந்ததும் அழாமல் கிடந்தாராம். இதுவும் நர்ஸ் சொல்லித்தான் பாட்டிக்குத் தெரியும்.

1958இல் ஒரு பெண்கள் பத்திரிகை பிரசவ வார்டுகளின் கொடுமைகளைப் பற்றி வந்த வாசகர் கடிதங்களை வெளியிட்டது. கட்டிப்போட்டது, தனியே விட்டது எல்லாம் அதில் உண்டு. பாட்டிக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்போ நானும் கத்தியிருப்பேன், இல்ல?"

"கத்தியிருப்பீங்க பாட்டி. வலிச்சிருக்கும்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல? சமர்த்தா தூங்கினேன்னு டாக்டர் பாராட்டினாரே!"

மார்ச் 16

அத்தை தினமும் போன் பண்ணுகிறார். அம்மா தன்னிடம் ஒட்டாமலேயே இருந்தார் என்று இத்தனை வருஷம் மனத்தாங்கல் அவருக்கு. எல்லாவற்றுக்கும் ஊசியைக் காரணம் சொல்ல முடியாது என்றேன். தெரியும், ஆனாலும் அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார். ஞாயிறு நானும் கூடப் போகிறேன். 1960இல் அத்தையின் தம்பி பிறந்ததைப் பற்றியும் கேட்க வேண்டும். அப்போது ஊசி வேண்டாமென்று பாட்டி சொல்லிப் பார்த்தாராம்.